பச்சைத் தண்ணீர்

மரிக்காவோ மலையில் நாற்றுப்பண்ணை.
பன்னிரண்டு பாத்தி, பாத்திக்கு நானூறு பைன்.
தண்ணீர் ஊற்றுகிறவள் நான், எதுவிஹிஸ்.
சனிக்கிழமை கூலி.

விதை வெளிநாட்டிலிருந்து வரும், காகிதப் பையில்,
கழுவித் துடைத்து, அரசு முத்திரையோடு.
முளைக்கும். அதில் குறை சொல்ல முடியாது.
சுண்டுவிரல் உயரம் வந்ததும் நின்றுவிடும்.
அப்புறம் நுனி மஞ்சள், அப்புறம் ஊதா,
அப்புறம் நான் பிடுங்கிக் கூடையில் போடுவேன்.

மேஸ்திரி நிக்கானோர் எரு வைத்துப் பார்த்தார்.
நிழல் கட்டிப் பார்த்தார். நிழலைப் பிரித்துப் பார்த்தார்.
புனித இசித்ரோவின் படத்தைக் கம்பத்தில் ஆணியடித்தார்;
இரண்டு மழையில் புனிதரும் மஞ்சளானார்.
ஐந்து வருஷம்.
காப்பி காய்க்கிற மண்,
கொய்யா கேட்காமலே முளைக்கிற மண்,
இதற்கு மட்டும் என்ன கேடு?
“எல்லாம் உன் கை ராசி” என்றார் ஒரு நாள்.
சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.
அன்றிரவு விளக்கடியில்
கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

மார்ச் மாதம் கப்பலில் ஒரு சாக்கு வந்தது.
பிரித்தால்,
மண்.
வடக்கே ஏதோ பைன் காட்டடியில் அள்ளியதாம்.
கறுப்பு. நனைந்த நாயின் வாடை.
ஊசிச் சருகு, செத்த வண்டு ஒன்று.
நாங்கள் சிரித்த சிரிப்பில் கோவேறு கழுதை மிரண்டது.
“ஆளை எடுத்துக்கொள்கிறார்கள், மண்ணை அனுப்புகிறார்கள்”
என்றாள் பசிலிசா.
அவள் மகன் புரூக்ளினில் தட்டு கழுவுகிறான்.

ஏழாம் பாத்தியில் முப்பத்திரண்டு குழி.
குழிக்கு ஒரு பிடி.

அடுத்த மழைக்காலம் முடிந்தபோது
முப்பத்திரண்டும் என் முழங்காலைத் தொட்டன.
பக்கத்துக் குழிகளில் வழக்கமான மஞ்சள்.
என்னதான் நடக்கிறதென்று ஒன்றைக் கெல்லினேன்.
வேர்நுனியெல்லாம் தடித்து, கவை கவையாய்ப் பிரிந்து,
மேலே வெள்ளையாய்ப் பூஞ்சை,
நூலாய் ஓடி, மண்ணுக்குள் புகுந்து,
அடுத்த செடியின் காலடி வரைக்கும்.

நோய் என்று நினைத்தேன்.
யார்தான் நினைக்க மாட்டார்கள்?
ரொட்டியில் வந்தால் எறிகிறோம்,
சுவரில் வந்தால் சுண்ணாம்பு அடிக்கிறோம்.

யாரிடமும் கேட்கவில்லை.
இவையாவது பிழைக்கட்டும் என்று
ஆறு நாற்றைத் தோண்டி வாளியில் அலசினேன்,
பிள்ளைத் தலையை அலசுவதுபோல் மெதுவாக,
விரலால் உருவி உருவி,
ஒரு வெள்ளை இழை மிச்சமில்லாமல்.
பிறகு சுத்தமான மண்ணில், பன்னிரண்டாம் பாத்தியில்.

வேரில் வெந்நீர் ஊற்றியவள் இல்லை நான்.
பச்சைத் தண்ணீர்தான்.
ஆறும் போயின.

ஆய்வுக்கூடத்திலிருந்து கண்ணாடி போட்ட ஒருவன் வந்தான்,
கால்சட்டை மடிப்பில் சேறு படாமல் நடக்கத் தெரியாதவன்.
மண்டியிட்டு, ஊசிமுனையால் வேரைத் தொட்டுச் சொன்னான்:
வேர் எட்டாத இடுக்கில் நூல் எட்டும்.
அது தண்ணீரும் உப்பும் கொண்டுவரும்,
மரம் சர்க்கரையால் கூலி கொடுக்கும்.
“அத்தனை சிநேகமா?” என்றாள் பசிலிசா.
“சிநேகம் என்று சொல்லமாட்டேன்.
கொடுக்கல் வாங்கல்.
ஒன்று நிறுத்தினால் மற்றதும் கையை மடக்கும்.”

நான் ஒன்றும் பேசவில்லை.
என் அப்பாவின் ஆட்கள் சமவெளியில் கரும்பு வெட்டியவர்கள்.
வாழ்நாளெல்லாம் சர்க்கரை கொடுத்து
உப்புக்கும் வழியில்லாமல் போனவர்கள்.
இந்தப் பூஞ்சையிடம் அவர்கள் வேலைக்குப் போயிருக்கலாம்.

அறிக்கையில் நிக்கானோர் எழுதினார்:
உயிரோடு இருபத்தாறு. ஆறு, காரணம் தெரியவில்லை.
எழுத்துக்கூட்டிப் படித்தேன். திருத்தவில்லை.

இப்போது ஏழாம் பாத்தி மண்ணை
முந்தானைத் துணியில் அள்ளி எல்லாப் பாத்திக்கும் போடுகிறோம்.
நகத்தில் கறுப்பு ஏறிவிட்டது.
ஞாயிறு பூசைக்கு அப்படியே போகிறேன்,
பாதிரியார் அப்பத்தை நாக்கில்தான் வைக்கிறார்.

ஏழாம் பாத்தியில் நான் தோண்டிய ஆறு குழியும் காலி.
ஒன்றில் மட்டும் ஒரு கொய்யா வந்திருக்கிறது,
நான்கு இலை, பளபளவென்று.
அதற்கு யாரோடு கொடுக்கல் வாங்கலோ.
பிடுங்கவில்லை.