நூற்றிருபது ஈ

காவடிக்கு இன்னும் இரண்டு நாள்.
ரோஸ் ஹில்லில் எங்கள் சந்துக்குள்
மணியடித்தபடி நுழைந்தது கஸ்தோனின் ஐஸ்கிரீம் வண்டி.
எட்டு நாளாய்க் கறியில்லை, மீனில்லை, முட்டையில்லை,
சட்டிபானைகூடப் புதிது.
பால்தானே, பால் கூடும் என்று
லோஷினிக்கு ஒன்று, எனக்கு ஒன்று.
மூடி போட்ட குவளை. ரோஜா நிறம்.

தமிழ் இரண்டாம் புத்தகம் முடித்தவள்.
கண்ணில் பட்ட எழுத்தையெல்லாம்
தமிழாய்ப் படித்துப் பார்க்கிற வயசு.
மூடியை நக்கிவிட்டுக் குவளையைத் திருப்பினாள்.
"அப்பா, இதுல நூற்றிருபது ஈ போட்டிருக்கு!"

அவள் பாடத்தில் ஈ என்றால் ஈதான்,
பச்சை இறக்கையோடு படம்கூட உண்டு.
அவள் சிரித்தாள்.
தமிழ் புரியாமலே கஸ்தோனும் சிரித்தான்.
எனக்கு வாய்க்குள் இருந்தது
விழுங்கவும் இல்லை, துப்பவும் இல்லை.

நான் போர்ட் லூயி துறைமுகத்தில் சுங்க எழுத்தர்.
பதினாறு வருஷமாய்,
பெட்டிக்குள் இருப்பதைப்
பெட்டி திறக்காமல் அறிகிறவன்.
அந்தச் சிவப்பு பெருவிலிருந்து வருகிறது.
சப்பாத்திக்கள்ளியில் அப்பிக் கிடக்கும் பூச்சி,
சுரண்டி, காயவைத்து, இடித்தது.
நூற்றிருபது இல்லை மகளே,
ஒரு பெட்டிக்கு எத்தனை லட்சமோ.
நவம்பரில் நானேதான் முத்திரை குத்தினேன்,
மதியச் சாப்பாட்டுக்கு முன்னால்,
மை காயட்டும் என்று ஊதிக்கூட விட்டேன்.

சந்தைக்குப் போய் அலூடா குடித்திருக்கலாம்,
அதில் உறைந்து வழுக்குவது வெறும் கடற்பாசி.
(அதன் சிவப்பைப் பற்றி
என்னிடம் கேட்காதீர்கள்.)

கமலினியிடம் சொன்னேன்.
"தெரியாம தின்னது தீட்டில்ல.
தலைக்குக் குளிச்சிட்டு வாங்க" என்றாள்.
தண்ணீரைத் திறந்து சோப்பை எடுத்தேன்.
அந்தக் காகிதமும் எனக்குத் தெரியும்:
பீப்பாய் எண், கப்பல் பெயர்,
உருக்கிய மாட்டுக்கொழுப்பு, உண்ணத் தகாதது.
பூச்சியை மாட்டால் கழுவுவதா?
சோப்பை அதன் பெட்டியில் திரும்ப வைத்தேன்,
தூங்குகிற எதையோ வைப்பதுபோல.

வெறுந்தண்ணீரில் குளித்து ஈரத்தோடு வந்தால்
மேசைமேல் என் ரத்த அழுத்தக் குளிகை,
பாதி நீலம் பாதி வெள்ளை,
அதன் கூடு எந்த எலும்பை வேகவைத்ததோ.
கமலினி தண்ணீர் நீட்டினாள்.
மருந்து விரதத்தில் சேராது என்றாள்.
போட்டுக்கொண்டேன்.

கூடத்தில் என் காவடி சாய்ந்து நின்றது.
மயிற்பீலியை எண்ணிக் கட்டிக்கொண்டிருந்தான் மச்சான்.
தானே உதிர்ந்ததுதான், சத்தியம் என்றான்,
நான் எதையும் கேட்காமலே.
மூலையில் தப்பு, ஆட்டுத்தோல்.
முருகனுக்கு எடுத்த பட்டு இன்னும் கடைப் பையில்.
இதற்கெல்லாம் நான்
எந்தக் காகிதமும் பார்த்ததில்லை.

"நடந்துபோற வழியில
சொம்புப் பால் திரிஞ்சா தெரிஞ்சிடும்"
என்றாள் கமலினி, விளையாட்டாய்.
விளையாட்டாய் எடுத்துக்கொண்டேன்,
இரண்டு இரவு தூங்காமல்.

லோஷினி மட்டும் அன்றே கேட்டாள்,
"ஈன்னா குடுன்னும் அர்த்தம், டீச்சர் சொன்னாங்க.
பூச்சி தானா குடுத்துச்சாப்பா?"
அவள் குவளை காலி.
என்னுடையது ஜன்னல் விளிம்பில் உருகி,
எறும்புகளுக்குப் போய்க்கொண்டிருந்தது.

தைப்பூசம். தார்ச்சாலை கொதித்தது.
கன்னத்தில் வேல், வாய் பூட்டியாயிற்று.
தோளில் காவடி, இரண்டு கையும் அதில்.
மூடி கட்டிய சொம்புக்குள் பால் எப்படியிருக்கிறதோ.
கோயில் வளைவு தெரிந்த இடத்தில்
ஒரு ஈ வந்து என் உதட்டோரம் உட்கார்ந்தது.
வேர்வை குடித்தது. கால்களைத் தேய்த்துக்கொண்டது.
ஊத முடியாது, விரட்டக் கையில்லை.

பக்கத்தில் நடந்த லோஷினி
விசிறியை ஓங்கினாள், நிறுத்தினாள்.
"ஒண்ணு" என்றாள்.