ஏழாம் நம்பர்

ஏரியைப் பார்த்த அறை என்று போர்டில் இருக்கிறது.
ஜன்னல் கம்பியில் நெற்றியை அழுத்தி
இடப்பக்கம் சாய்ந்தால்
சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே
கைக்குட்டை அளவு தண்ணீர் தெரியும்.
பதினோரு வருஷமாக, மே முதல் வாரம்
அந்தத் தண்ணீர் ரங்காராமுடையது.

செவ்வாய்ப்பேட்டை. வெள்ளிக் கொலுசு மொத்த வியாபாரம்.
இருபது கொண்டை ஊசி வளைவுக்கும்
எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டே ஏறும் மனைவி,
இறங்கியதும் வெந்நீர் கேட்கும் மாமியார்,
பூரி வரலையா என்று மாடியிலிருந்து கத்தும் மச்சினன்.
ரிஜிஸ்தரில் மற்றவர்களுக்குப் பென்சில்.
அவர் பெயரை மட்டும் பேனாவில் எழுதுவேன்.

ஏப்ரலில் போன் வந்தது.
தம்பி, இந்த வருஷம் பூக்கெட்.
விசாவே வேண்டாமாம், பாஸ்போர்ட்டைக் காட்டினாப் போதும்.
உங்க சீசன் வாடகையோட
இன்னும் கொஞ்சம் போட்டா கடலே வருது.

கடல் வருகிறது என்றுதான் சொன்னார்.
பேனாவில் எழுதியதை
பேனாவால்தான் அடிக்க வேண்டியிருந்தது.

அறை காலியாகக் கிடக்கவில்லை.
ஊட்டிக்கு இ-பாஸ் கிடைக்காமல்
பாதி வழியில் திரும்பிய கிருஷ்ணகிரி வேன் ஒன்று
ராத்திரி பதினொன்றுக்கு வாசலில் நின்றது.
சொந்த மாநிலத்து மலைக்குச் சீட்டு வேண்டும்,
சமுத்திரத்துக்கு அந்தப் பக்கம் ஒன்றும் வேண்டாம்.
சிரிக்க நேரமில்லை, ரசீது போட்டுக்கொண்டிருந்தேன்.
நாலு பேர் அறையில் ஒன்பது பேர்.
விடிந்ததும் ஒருவர் கேட்டார்,
பகோடா பாயிண்டில் பகோடா
எத்தனை மணிக்குப் போடுவாங்க?
மிளகாய் பஜ்ஜிதான் சார், என்றேன்.

மூன்றாம் நாள் ரங்காராமின் வீடியோ.
அறை, பால்கனி, நீலம், மேலும் நீலம்.
கட்டில்மேல் துண்டை மடித்துச் செய்த அன்னம்.
பின்னாலேயே குரல்:
எங்க பாத்தாலும் சீனாக்காரங்க தம்பி.
அவங்களுக்கும் விசா வேணாமாம்.
விடியறதுக்குள்ள நாற்காலிக்கெல்லாம் துண்டு போட்டுடறாங்க.
சாப்பாட்டு வரிசையில ஒரே கூச்சல்.
தட்டு நிறைய எடுத்துப் பாதியை வைக்கிறாங்க.
மனுஷன் நிம்மதியா உக்கார முடியல.

பெடல் படகு நாலையும்
செருப்பை வைத்து இடம் பிடித்த அவர் மச்சினனை
நான் நினைக்கவில்லை என்று சொன்னால் பொய்.
அன்று சமையலறையில்
நாங்கள் பேசிய பேச்சும் இதேதான்;
சீனாக்காரங்க என்ற இடத்தில்
கீழ்நாட்டுக்காரங்க.

வீடியோ ஓரத்தில், அடுத்த மேஜையில்
கிண்ணமும் கரண்டியுமாய்
மகனைத் துரத்திக்கொண்டிருந்தார் ஓர் அப்பா.
ஊதி ஊதி ஆற்றினார்.
பார்த்தால் கஞ்சி மாதிரிதான் இருந்தது.

அறை கூட்ட வந்த சடைச்சி
என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தாள்.
கொட்டச்சேட்டுக்காரி.
கடலை அவள் பார்த்ததில்லை.
இப்போதும் கடலைப் பார்க்கவில்லை.
நிறுத்துங்க. அந்த இடத்தை இன்னொருக்கா போடுங்க.

ரங்காராமின் காதுக்குப் பின்னால்
ஒருத்தி முட்டி போட்டு
போர்வையின் முனையைச் செருகிக்கொண்டிருந்தாள்.
கட்டில் ரொம்பத் தாழ்வு, என்றாள் சடைச்சி.
இடுப்பு போயிரும்.
ஒரு நாளைக்கு அவளுக்கு எத்தனை ரூமாம்?

அதை எப்படிக் கேட்பது?
கட்டைவிரலை உயர்த்தும் படம் ஒன்றை
அனுப்பிவிட்டு எழுந்தேன்.

ஜூனில், மழை பிடித்த பிறகு, அவரே கூப்பிட்டார்.
ஏழாம் நம்பர் இருக்கா தம்பி?
ரெண்டு நாள் சும்மா படுத்துக் கிடக்கணும்.
இருக்கு, என்று எழுதிக்கொண்டேன்.
கைக்குப் பென்சில்தான் அகப்பட்டது.

அவர் வருகிற காலையில்
சடைச்சி கதவைச் சாத்திக்கொண்டு
துண்டோடு அரைமணி நேரம் மல்லுக்கட்டினாள்.
கழுத்து நிற்கவில்லை.
முட்டைக்கு உட்கார்ந்த கோழி மாதிரி வந்தது.
கலைச்சிரவா என்றாள்.
கீழே கார் ஹாரன் கேட்டது.
கிடக்கட்டும், என்றேன்.