ஆள் இல்லாத பனியன்

நூற்றுப் பன்னிரண்டு பக்கம்.
பல்லடம் ரோட்டு ஜெராக்ஸ் கடையில்
ஒப்பந்தம் சுடச்சுட விழுந்துகொண்டே இருந்தது.
நடுவில் ஒருமுறை மிஷின் சிக்கிக்கொண்டது.
பையன் கதவைத் திறந்து
பிரிவு நாற்பத்தாறைக் கிழித்து எடுத்தான்.
“இத்தனைக்குமா நான் சரின்னேன்?” என்றார் சாந்தாமணி.
ஆமாங்க. மூன்று செகண்டில்.
“ஓவர்லாக்ல நூல் அந்திருந்துச்சு,
ஒரு கையில ஊசியிருந்துச்சுங்,
இன்னொரு கையிலதான் அமுத்துனேன்.”
இதை மனுவில் எப்படி எழுதுவது என்று
எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

விளம்பரப் படம் இதுதான்:
பதினஞ்சு வேலம்பாளையத்தில் ஒரு மொட்டைமாடி,
கொடியில் தொண்ணூறு சைஸ் வெள்ளைப் பனியன்,
இரண்டு கிளிப்,
கொஞ்சம் காற்று.
ஆபாசம் என்றது எந்திரம்.
அந்தக் காற்றுதான்
உள்ளே புகுந்து நெஞ்சும் வயிறுமாக
நின்றிருக்க வேண்டும்.

தீபாவளிக்குப் பத்தொன்பது நாள் இருந்தது.
கணக்கு போயிற்று.
கட்டிவைத்த ஒரு லட்சத்து நாற்பதாயிரம்
“பரிசீலனையில்” போய் உட்கார்ந்தது.
உதவிப் பெட்டிக்குள் அவர் எழுதினார்:
ஏனுங், அதுக்குள்ள ஆளே இல்லீங்களே.
தங்கள் கருத்துக்கு நன்றி என்று
ஒரு மஞ்சள் முகம் சிரித்தது.
பதினோரு முறை எழுதியிருக்கிறார்,
பதினொன்றும் இணைப்பில் இருக்கின்றன,
பதினொன்றிலும் அந்த ‘ங்’ இருக்கிறது.
நானாயிருந்தால்
ஆறாவதிலேயே அதை எடுத்திருப்பேன்.

முதல் நோட்டீஸ் திரும்பி வந்தது.
ஒன்பதாம் மாடி, கண்ணாடிக் கட்டடம்,
தபால்காரர் சிவப்பில் எழுதியிருந்தார்:
இந்த முகவரியில் ஆள் இல்லை.
கவரைப் பிரிக்காமல்
பனியன் படத்துக்கு அடுத்த தாளாகக் கோத்தேன்.
அதற்குமேல் வாதம் எதுவும்
எனக்குத் தோன்றவில்லை.

மூன்றாவது நோட்டீஸுக்குக்
கோயமுத்தூரிலிருந்து வக்கீல் வந்தார்.
வழக்கை இங்கே நடத்த முடியாது என்று
கடலுக்கு அப்பால் ஓர் ஊரின் பெயரைச் சொன்னார்,
பிரிவு எழுபத்தொன்றின்படி.
சாந்தாமணி என் காதோரம் குனிந்தார்:
“அந்த ஊருக்கு நம்ம பனியன் போகுதுங்.
நாந்தான் போனதில்லை.”

பிறகு அவர் நுகர்வோரே அல்ல என்றார்கள்.
நான்கு மிஷின் வைத்த வியாபாரியாம்.
தலைவர் அவரையே கேட்டார்.
“நாலுதானுங்க.
ஒண்ணுல நான். ஒண்ணுல எங்க கொழுந்தியா.
மத்த ரெண்டும் ஆடியிலிருந்து போத்தி வெச்சிருக்குதுங்.”
சுயதொழில், வாழ்வாதாரம் என்று
நான் சட்டப்பிரிவைத் தேடி எடுப்பதற்குள்
அவர் முடித்து உட்கார்ந்துவிட்டார்.

“இந்த ஒப்பந்தத்தை
முழுசாகப் படித்தவர் யாராவது உண்டா?”
தலைவர் கேட்டது இரண்டு பக்கத்தையும்தான்.
கோயமுத்தூர்க்காரர் லேப்டாப்பைப் பார்த்தார்,
தேவையான பகுதிகளை, என்றார்.
நான் நாற்பதாம் பக்கத்தில் தூங்கிப்போனவள்.
ஃபேன் சுற்றியது.
யாரோ ஒருவரின் செல்போன் மேசைக்குள் அதிர்ந்து,
அடங்கி,
மறுபடி அதிர்ந்தது.

பொங்கல் கழித்து வாய்தா.

படியிறங்கும்போது கேட்டார்:
“அந்தப் பனியனத் திருப்பிக் குடுப்பாங்ளா?”
ஆமாம், அசல் உருப்படியையும் கொடுத்திருந்தோம்,
காட்டுவதற்காக. மறந்தே போனேன்.
ஓடிப்போய்ப் பார்த்தேன்.
எழுத்தர் பழக்கதோஷத்தில்
காகிதம் என்றே நினைத்தாரோ என்னவோ,
சரியாக நெஞ்சுப்பக்கம்
ஊதா முத்திரை குத்தி, கையெழுத்துப் போட்டு,
வழக்கு எண்ணும் எழுதியிருந்தார்.

வந்து சொன்னேன்.
விரல் நுனியில் ஏதோ நூல் பிசிறை உருட்டியபடி
கொஞ்சநேரம் யோசித்தார்.
“அப்ப அது செகண்ட்ஸ்தானுங்” என்றார்.
“காதர்பேட்டையில முப்பது ரூவாய்க்குப் போகும்.”