மூன்றாம் நபர்

இந்த எண்ணை வாங்கிய ஒன்பதாம் நாள்
எபினேசரைத் தேடத் தொடங்கினார்கள்.
காலை எட்டு மணி. ஒரு நிமிடம் முன்பின் கிடையாது.
பெரம்பூர் லேபில் யாராவது ஒருவரின் முழங்கை மடிப்பைத்
தட்டித் தட்டி நரம்பு தேடிக்கொண்டிருப்பேன்.
கோட்டுப் பையில் அது துடிக்கும்.
அவர் நரம்பு அகப்படுவதற்குள்
நான் அகப்பட்டுவிடுவேன்.

"எபினேசர் இருக்காரா?"
அப்படி யாரும் இல்லைங்க.
"நீங்க அவருக்கு என்ன வேணும்?"
ஒண்ணும் வேணாம்.

முதல் வாரம் ஒரு பெண். தொண்டையில் சளி.
மன்னிச்சுக்குங்க மேடம் என்று இருமுவாள்,
அவளுக்குப் பின்னால் ஒரு கூடம் முழுக்கக்
குரல்கள் கொதிக்கும்.
அடுத்த வாரம் ஒருவன், பெயர் சதீஷ் என்றான்.
மறுநாள் அதே குரல், பெயர் மட்டும் நவீன்.
மூன்றாவது ஆள் பெயரே சொல்லவில்லை,
நேராக ஒருமைக்கு வந்துவிட்டான்.

பிளாக் செய்தேன். கடைசி இரண்டு இலக்கம் மாறி வந்தார்கள்.
எடுக்காமல் இருந்தேன்.
வாட்சப்பில் எபினேசரின் ஆதாரே வந்துவிட்டது.
ஒரு காது லேசாக மடங்கியிருக்கிறது அவருக்கு.
த/பெ ஜெபமணி, வியாசர்பாடி.
லோடு ஆட்டோ. பதினோரு தவணை பாக்கி,
மாதம் ஏழாயிரத்து முந்நூற்று நாற்பது.
என் தங்கை வீட்டுக்காரரின் இனிஷியல் எனக்குத் தெரியாது.
ஜே. எபினேசரைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன்.

லீவு போட்டு அமைந்தகரை கிளைக்குப் போனேன்.
இரண்டாம் மாடி. கீழே பரோட்டாக் கடை,
படியெல்லாம் சால்னா வாசம்.
சிம் வாங்கிய ரசீது, என் ஆதார், ஜெராக்ஸ் இரண்டு செட்.
மேலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"நம்பரைத் தூக்கிப் போட்டுட்டா கடன் போயிடுமா மேடம்?
நீங்களே சொல்லுங்க."
வயிற்றில் ஏதோ புரண்டது.
மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
படிவத்தில் ஒரு கட்டம்:
கடன்தாரருக்கும் உங்களுக்கும் உள்ள உறவு.
பேனா நின்றது.
"மூன்றாம் நபர்னு போடுங்க."
போட்டேன்.
கையெழுத்தும் போட்டேன், மேசையிலும் பதியும்படி அழுத்தி.

வியாழக்கிழமை எட்டு மணி வந்தது, போயிற்று.
ஒரு லாரி டிரைவரின் நரம்பு முதல் குத்திலேயே கிடைத்தது.
குத்திட்டீங்களா என்று கேட்டார்.

அன்றிரவு என் பழைய எண்ணை அழுத்தினேன்.
ஆடி மாதம் இரண்டாக ஒடித்து
ஓட்டேரிக் கால்வாயில் எறிந்த சிம்.
அப்பாவின் ஆபரேஷனுக்கு வாங்கியது,
அதை அடைக்க வாங்கியது,
அதற்கு வட்டி கட்டக் குழுவில் வாங்கியது,
எல்லாம் அந்த நகமளவு பிளாஸ்டிக்கோடு
தண்ணீரில் போயிற்று என்றுதான் இருந்தேன்.
தண்ணீர்கூட இல்லை அன்றைக்கு. சேறு.

இரண்டாவது ரிங்கில் எடுத்தார் ஒருவர்.
நான் வாய் திறக்கவில்லை.
"சார், மணி பத்தரை சார்.
வி. கனகவல்லி இந்த நம்பர்ல இல்ல.
சத்தியமா இல்ல.
அப்பா பேரு வேணுகோபால், வீடு செம்பியம்,
அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.
அதுவும் நீங்க சொல்லித்தான் தெரியும்."

அப்பா போனபின் அந்தப் பெயரை
யாரும் உரக்கச் சொல்லிக் கேட்கவில்லை.
பின்னணியில் குக்கர் ஒன்று விசிலடித்தது.
யாரோ அடுப்பைக் குறைத்தார்கள்.

"நாளைக்கும் எட்டு மணிக்குத்தானா சார்?"

இல்லைங்க என்றேன்.

பெண் குரல் என்றதும்
சாரி மேடம் என்று
திருத்திக்கொண்டார்.