நூறு யூனிட்டுக்குள்

சுவரில் ஆணி அடிக்கக் கூடாது.
ஒப்பந்தத்தில் ஆறாவது வரி அது.
வீட்டுக்காரர் ஜம்புலிங்கம் வாய்விட்டு வாசித்தும் காட்டினார்.
ஒடுகத்தூர் பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்த பையில்
சுத்தியல் இருந்தது,
அரைக்கிலோ ஆணி இருந்தது.
பையைக் காலால் மெல்லக்
கதவுக்குப் பின்னால் தள்ளினேன்.

சத்துவாச்சாரி, ஃபேஸ் டூ, மூன்றாவது மாடி.
லிஃப்ட் இல்லை.
முப்பத்துநாலு வருஷம் கம்பம் ஏறின கால்
பீரோவின் கீழ்முனையைப் பிடித்தபடி
இரண்டாம் திருப்பத்தில் நின்றுவிட்டது.
மேல்முனையில் ஹேமா.
"இறக்கி வைங்கப்பா."
இறக்கவில்லை.
அவளும் மறுபடி சொல்லவில்லை.

ஜன்னலைத் திறந்ததும் ஜம்புலிங்கம் தொடங்கினார்,
இந்த ஊரில் வீடு காட்டுகிறவர்கள் எல்லோரும் சொல்வதை:
மரமில்லாத மலை, நீரில்லாத ஆறு,
ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில்.
சாமி வந்து வெகுநாள் ஆகிறது.
பாலாறும் ஒரு மழைக்கு வந்து
பாலத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனது.
நான் எதையும் திருத்தவில்லை.
"ஆணியில்லாத சுவர்" என்று
ஹேமா தன் பங்குக்கு ஒன்றைச் சேர்த்தாள்.
எட்டு மாதத்தில் அவள் சிரித்து
நான் பார்த்தது அப்போதுதான்.

சரளா வரவில்லை.
ஆரணி அரிசி பத்துக் கிலோ வந்தது,
முள்ளுக் கத்திரிக்காய் வந்தது,
பழைய புடவையில் சுற்றிய கல்யாணப் போட்டோ வந்தது,
புதிதாகக் கண்ணாடி போட்டு.
அதற்குத்தான் ஆணி.
ஹேமா புடவையைப் பிரித்து
நாலாக மடித்து அலமாரியில் வைத்தாள்.
போட்டோ பீரோவுக்குப் பின்னால் போனது,
முகம் சுவரைப் பார்க்க.
ஆறாவது வரிக்கு
மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டேன்.

பால் காய்ச்சணும் என்றேன்.
"வாடகை வீட்டுக்கா?"
எதிர்க்கடையில் ஆவின் பாக்கெட் வாங்கிவந்தேன்.
சிலிண்டர் இன்னும் வரவில்லை, இண்டக்ஷன் அடுப்பு.
குளியலறையில் கீசர்.
பால் நுரைகட்டி விளிம்புக்கு வருகிற நேரம்
வீடு மொத்தமும் இருண்டது.
பால் அப்படியே உட்கார்ந்துவிட்டது.
இருட்டில் அவள் என் பக்கம் திரும்பியது தெரிந்தது.
அந்த வீட்டில் அன்று
எனக்குத் தெரிந்த விஷயம் அது ஒன்றுதான்.

மாடிப்படிக்கு அடியில் பதினாலு மீட்டர்.
அவளுடையதில் முன்பு இருந்தவர் பெயர்,
பாதி கிழிந்த ஸ்டிக்கரில்.
விழுந்திருந்த சுவிட்சைத் தூக்கிவிட்டேன்.
உடனே மேலே போயிருக்கலாம்.
போன் வெளிச்சத்தில் எண்ணைப் படித்தேன்:
நாலாயிரத்து எண்ணூற்றுப் பதினேழு.
சர்வீஸ் நம்பரோடு உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன்.

மூச்சு வாங்க ஏறிப்போனால்
பால் பொங்கி வழிந்து முடிந்திருந்தது.
நான் பார்க்கவில்லை.
அவளும் பார்க்கவில்லையாம்,
அடுப்பைத் திரும்பப் போட்டுவிட்டு
கீசரை அணைக்கப் போயிருந்தாளாம்.
துணியால் துடைத்தாள்.
மிச்சத்தைக் குடித்தோம், ஆளுக்கு அரை டம்ளர்.

கடைசி பஸ்ஸில்தான் கவனித்தேன்,
சுத்தியலை அங்கேயே விட்டுவிட்டேன்.
ஆணி என்னோடு வந்துவிட்டது.

சர்வீஸ் நம்பரைப் போட்டால் போனில் பில் தெரியும்.
முதல் ரீடிங்கில் பதினேழைக் கழித்தேன்.
எழுபத்தொரு யூனிட்.
நூறுக்குள் இருந்தால் கட்டவேண்டாம்.
என் மகள் தனியாக இருப்பதற்குக்
கட்டணம் பூஜ்யம்.
ஆனால் வேலூரில், பங்குனி வெயிலில், எழுபத்தொன்று என்றால்
ஃபேனுக்கடியில் படுக்கவே இல்லை என்று அர்த்தம்.
ரத்த வங்கியில் ராத்திரி ஷிஃப்டைக்
கேட்டு வாங்கியிருக்கிறாள்.
போன் பண்ணினால் "நல்லா தூங்கறேம்பா."

அடுத்தது நூற்று எண்பத்தாறு.
கூலர் வாங்கியிருக்கலாம்.
விளக்கை அணைக்க மறந்து தூங்கியிருக்கலாம்.
யாராவது வந்து
பேசிக்கொண்டே விடிந்திருக்கலாம்.
நான் கேட்கப்போவதில்லை.

"போனைப் பார்த்து என்ன சிரிப்பு?" என்றாள் சரளா.
"கரண்டு பில் வந்திருக்கு."
"நமக்கா?"
நான் சும்மா இருந்தேன்.
அரிவாள்மணையில் பாதி நறுக்கிய காயோடு
அவள் கை நின்றது.

"எவ்வளவு?" என்றாள்.