தொண்ணூறு பாகை

புவன விஸ்தாவுக்குப் போகும் கடைசி ரயில்
எங்கள் தளத்தின் அடியில் ஓடி முடியும்வரை
எதையும் அளக்க முடியாது.
நான்கு நிமிடத்துக்கு ஒருமுறை வட்டப்பாதை
ஊசிமுனையில் ஒரு சிறு மலையை எழுதிவிட்டுப் போகும்.
அதை மூலக்கூறு என்று நம்பி
முதல் மாதம் நான் எவ்வளவு மகிழ்ந்தேன் என்பது
சியூ பெங்குக்குத் தெரியும்.
சொல்லிக் காட்டமாட்டார்.

பன்னிரண்டு இருபது. நைட்ரஜனைத் திறந்தேன்.
இந்த ஊர்க் காற்றில் பாதி தண்ணீர்;
பெட்டிக்குள் ஒரு மூச்சு மிச்சமிருந்தாலும்
கோடு முழுக்க ஈரம் முள்முள்ளாய் முளைக்கும்.

பொன் பூசிய முனை. நுனி இருபது நானோமீட்டர்.
கண்ணுக்குப் படாத வெளிச்சத்தை அதில் கூட்டிப்
படலத்தின்மேல் மெல்லத் தட்டுகிறேன்.
அகச்சிவப்பு என்று பெயர் வைத்தவர்
சிவப்புக்கு அப்பால் கிடப்பதை
அகம் என்று எப்படித் துணிந்தாரோ.
ஆனாலும் பொருத்தம்தான்:
இங்கும் யாருக்கும் பெயர் சொல்வதில்லை.
ஒரு கார்பன், ஒரு ஆக்சிஜன்,
இடையில் இழுபடும் இரட்டைப் பிணைப்பு.
தன் திசையில் ஆடிவரும் ஒளியை வாங்கிக்கொள்ளும்.
குறுக்கே வந்தால்
வாசலில் நிற்பவரைப் பாராததுபோல் இருந்துவிடும்.

அந்தப் பாராமுகத்தைத்தான் ஒழுங்கு என்று எழுதினோம்.
ஆயிரத்து எழுநூற்று முப்பதாம் அலையெண்ணில்
கருப்பும் வெளுப்புமாய் வரிவரியாய்
எல்லாரும் ஒரே பக்கம் பார்த்து நிற்கும் படம்.
ஜூலையில் அரங்கில் காட்டினேன். கைதட்டினார்கள்.

இன்று மாதிரியைத் தொண்ணூறு பாகை திருப்பினேன்.
நடுவர்கூடக் கேட்கவில்லை;
திருப்பிப் பார்த்தாயா என்று
தேநீர் கலக்கிக்கொண்டே நஸீஹா கேட்டது.

வரிகள் திரும்பவில்லை.

படலம் திரும்பியது, தூசு திரும்பியது,
ஓரத்தில் நான் கீறிய அடையாளக் கோடு திரும்பியது.
வரிகள் மட்டும் வடக்குத் தெற்காக,
கருவி நிற்கும் வாக்கில்.
பதினோரு மாதம் நாங்கள் வாசித்தது
எங்கள் ஊசியின் சாய்வை.

காப்பி இயந்திரம் மூன்றாம் மாடியில்.
சன்னலுக்கு வெளியே டோவர் அடுக்குமாடி,
ஈரத்துணி மறந்த மூங்கில் கழிகள்
அத்தனையும் ஒரே திசையில் நீண்டிருக்கின்றன.
கட்டியவர்கள் குழாய் பதித்த திசை அது.
கழிகளை யாரும் கேட்கவில்லை.
கெண்ட் ரிட்ஜ் பக்கம் இடி. மழை இன்னும் இல்லை.

திரும்பி வந்து மறுபடி ஓட்டினேன். மறுபடி.
மூன்றே முக்காலுக்குப்
படத்தின் கீழ்மூலையில் ஒரு திட்டு.
நாற்பது நானோமீட்டர்.
ஓர் அரிசி நொய்யின் அகலத்தில்
இருபத்தைந்தாயிரம் வைக்கலாம்.
அது மட்டும் திரும்பியிருக்கிறது,
கருப்பு வெளுத்து, வெளுப்பு கறுத்து.
ஒழுங்காக இருக்கலாம்.
இரைச்சலாகவும் இருக்கலாம்.

சியூ பெங்குக்கு எழுதினேன்:
ஜூலைப் படம் தவறு.
அடுத்த வரியில் அந்தத் திட்டைச் சொல்லலாமா என்று
விரல் நின்ற நேரம்
முதல் ரயில் அடியில் வந்து
ஊசியைத் தொட்டுவிட்டுப் போனது.