பாண் எந்தப் பக்கம்

படிவத்தின் முதற் கேள்வி:
"குழந்தை பேசுகிறதா?"
சென்னையில் அச்சடித்த தாள்.
எங்கள் ஊரில் பேசுவதென்றால் ஏசுவது.
பேனையால் வெட்டி, "கதைக்கிறதா" என்று எழுதி
நிமிர்ந்தால்
மேசைக்குக் கீழே போய்விட்டான் தினூஷன்.
வயது நாலரை.

"ரெண்டு பாஷையும் போட்டுக் குழப்பிப்போட்டம், மிஸ்.
கொக்குவில் முன்பள்ளியில
ஒண்டை விடச்சொல்லிச் சொன்னவை.
இவ விட்டிட்டா."
கஜானன், வவுனியா பஸ் ஓட்டுபவர்,
யாழ் ஆஸ்பத்திரிக்கென்று லீவு போட்டு வந்திருக்கிறார்.
"ஆறு மாசமா வீட்டில தமிழ் மட்டுந்தான்.
எண்டாலும் கதைக்கிறான் இல்லை."

சந்தமாலி ஒன்றும் சொல்லவில்லை.
மெதவாச்சியிலிருந்து வாழ வந்தவள்,
சந்தையில் விலை கேட்கப் போதுமான தமிழோடு.
அந்தத் தமிழில்தான் ஆறு மாதமாய்
மகனைக் குளிப்பாட்டுகிறாள், நித்திரையாக்குகிறாள்.
வா. சாப்பிடு. படு. அடிப்பன்.
ஏவல் வினைகள் மட்டுமே கைவசமுள்ள ஒரு தாய்.

நான் படங்களை நிலத்தில் விரித்தேன்.
குடையைப் பார்த்துக் கையை மேலே தூக்கினான்.
மழை தெரிகிறது, பிடி தெரிகிறது,
சொல் வரவில்லை.
தன் வீட்டு வாசலில்
திறப்பில்லாமல் நிற்பவன்போல நின்றான்.

"நீங்க கேளுங்கோ," என்றேன் அவளிடம்,
"உங்கட பாஷையில."
அவள் புருஷனைப் பார்த்தாள்.
பிறகு கதவைப் பார்த்தாள்.
வெளியே வாங்கில் இருபது பேர்.

எனக்கும் அந்த மொழி கொஞ்சம் தெரியும்.
முதற் சொல்லை ஏழு வயதில் கற்றேன்:
பஹின்ன.
இறங்கு.
பஸ்ஸிலிருந்து எல்லோரும் இறங்கினோம்.
அம்மா இறுக்கிப் பிடித்த கையில்
அவள் மோதிரத்தின் தழும்பு பின்னேரம்வரை இருந்தது.
நெடுங்காலம் எனக்கும் அது
ஏவல் மட்டுமே உள்ள மொழி.

அவள் குனிந்தாள்.
மேசைக்குக் கீழே முகத்தைக் கொண்டுபோய்க் கேட்டாள்.
எனக்குப் பாதிதான் விளங்கியது:
ஒரு "மொகத்த", ஒரு "புத்தே",
நடுவில் ஏதோ சிரிப்பு.
இப்படியொரு குரல் வீட்டில் இருந்ததையே
கஜானன் மறந்துவிட்டார் போல.

"பலா," என்றான் பிள்ளை.
"பாருங்கோ! பூனையைப் பலா எண்டுறான்!"
"பளலா," என்றாள் சந்தமாலி மெல்ல,
விழுந்த எழுத்தை எடுத்து மகன் கையில் கொடுப்பதுபோல.
பூனைதான்.

தாளின் நடுவே கோடு கிழித்தேன்.
இந்தப் பக்கம் பதினொன்று.
அந்தப் பக்கம் பதினாலு.
"பாண்," என்றான் அடுத்த படத்துக்கு.
பாண் எந்தப் பக்கம்?
கோட்டின் மேலேயே எழுதினேன்.
பாணுக்குக் கீழே பஸ்.
பஸ்ஸுக்குக் கீழே, அவனாகவே சொன்னது, அம்மா.

இருபத்தெட்டு.
நாலரை வயதுக்கு மிகக் குறைவு.
அதைத் தேன் தடவிச் சொல்ல நான் பழகவில்லை.
"குறை இருக்கு, அண்ணை.
ரெண்டு பாஷையால வந்த குறையில்லை,
ரெண்டிலயும் இருக்கிற குறை.
ஒரு கொப்பைத் தறிச்சா மற்றது தழைக்க
இது முருங்கையில்லை."

"அப்ப அந்த ஆறு மாசம்?"
என்றார்.
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.
என்னிடமும் இல்லை.

அப்போது மேசைக்கடியிலிருந்து வெளியே வந்தவன்
தாயின் பையைப் பிடித்து இழுத்தான்:
"தண்ணி தென்ன."

"இதுதான் மிஸ், இந்தக் குழப்பந்தான்."

தண்ணி எங்களது. தென்ன அவளது.
செயப்படுபொருள் முன்னே, வினை பின்னே:
இரண்டு இலக்கணமும் ஒத்துக்கொள்ளும் வரிசை.
திகதி போட்டு எழுதினேன்,
முதல் வாக்கியம்.

போத்தலை அவள் திறந்து கொடுத்தாள்.
அடுத்த தவணை புதன்கிழமை, ஒன்பது மணி.

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே
அவனிடம் அவள் நீளமாக ஏதோ சொல்லத் தொடங்கினாள்.
வாங்கில் இருந்தவர்களில் சிலர் திரும்பிப் பார்த்தார்கள்.
குரலைக் கொஞ்சம் குறைத்தாள்.
நிறுத்தவில்லை.